வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம்: புத்தகம் வாங்கும் முன் படியுங்கள்

வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பாடத்திட்டம் நல்லது?" என்றுதான். ஒரே பிள்ளை என்றால் இதற்கு ஓரளவு பதில் சொல்லிவிடலாம். இரண்டு, மூன்று பிள்ளைகள், ஆளுக்கொரு வயது என்றால் கேள்வியையே மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் ஆறு, ஒன்பது, பதின்மூன்று என்று மூன்று பேர். மூன்று வகுப்புக்கு மூன்று முழு செட் புத்தகம், மூன்று நேர அட்டவணை என்று நடத்த எந்தப் பெற்றோராலும் முடியாது. இதைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பது சொற்பம். ஆங்கிலத்தில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்களுக்கு எழுதியது; அந்தச் சட்டமும் தேர்வும் நமக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோர் எங்களைப் போல் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூத்த பிள்ளை எழுதப்போகும் பொதுத்தேர்விலிருந்து பின்னோக்கி வாருங்கள். சின்னவர்களுக்கு எது வாங்கினாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மூத்த பிள்ளைக்கு வயது வரம்பும் விண்ணப்பத் தேதியும் இருக்கின்றன. தவறவிட்டால் ஆறு மாதமோ ஒரு வருடமோ போய்விடும்.

1. மூத்த பிள்ளை எந்தத் தேர்வு எழுதும்?

பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் வாங்க, வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதலாவது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. எல்லோரும் என்ஐஓஎஸ் என்றுதான் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். சேர்க்கை இரண்டு பிரிவாக நடக்கிறது. முதல் பிரிவில் சேர்பவர்கள் அடுத்த ஆண்டு ஏப்ரல்-மே தேர்வும், இரண்டாம் பிரிவில் சேர்பவர்கள் அக்டோபர்-நவம்பர் தேர்வும் எழுதுவார்கள். முதல் பிரிவுக்கு ஜூலை 31 அன்றும், இரண்டாவதற்கு ஜனவரி 31 அன்றும் என்ன வயது என்று பார்க்கிறார்கள். உதாரணமாக, 2012 செப்டம்பர் 10 அன்று பிறந்த பிள்ளைக்கு 2026 ஜூலை 31 அன்று 14 நிறைந்திருக்காது. எனவே 2027 ஜனவரி 31-ஐக் கணக்கில் எடுக்கும் பிரிவில் சேர்ந்து, அந்த ஆண்டு அக்டோபர்-நவம்பரில் எழுத வேண்டும். இந்தக் கணக்கை இன்றே ஒரு தாளில் போட்டு வையுங்கள்.

குறைந்தது ஐந்து பாடம் எடுக்க வேண்டும். அதில் ஒன்றாவது மொழிப்பாடம். மொழிகள் இரண்டுக்கு மேல் போகக்கூடாது. தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். கணக்கும் அறிவியலும் கட்டாயம் இல்லை. கேட்க நிம்மதியாக இருக்கும், ஆனால் பெரிய சிக்கலே இங்கேதான் இருக்கிறது. பிறகு பிளஸ் ஒன்றில் அறிவியல் பிரிவோ பாலிடெக்னிக்கோ வேண்டுமென்றால் கணக்கும் அறிவியலும் படித்திருக்கிறாயா என்றுதான் கேட்பார்கள். பிள்ளைக்கு இப்போது பிடிக்கவில்லை என்பதற்காக அவற்றை விட்டுவிடாதீர்கள். தேர்ச்சி மதிப்பெண் 33 சதவீதம். வீட்டில் எழுதிச் சமர்ப்பிக்கும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீதம் உண்டு. அதற்கும் கடைசித் தேதி இருக்கிறது. பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்று: பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும் இடையே இரண்டு வருட இடைவெளி இருக்க வேண்டும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, நம் மாநிலத் தேர்வையே தனித்தேர்வராக எழுதுவது. ஐந்தாவது, ஆறாவதோடு பள்ளியை விட்ட பிள்ளை, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை முதலில் எழுத வேண்டும். அதற்குப் பன்னிரண்டரை வயது. அதில் தேறிய பிறகு பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு வெகு முன்னதாகவே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டால் தேர்வு விண்ணப்பமே போட முடியாது. அறிவிப்பு நாளிதழில் சின்னதாக வரும், இயக்ககத்தின் இணையதளத்திலும் இருக்கும். மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். பிள்ளை தமிழ் வழியில் படித்தவர், சமச்சீர்ப் புத்தகம் பழகியவர் என்றால் எனக்கு இந்த வழிதான் நல்லதாகப் படுகிறது.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ என்ற வெளிநாட்டு வாரியத் தேர்வு. வெளியாளாகப் பதிந்து எழுத அனுமதிக்கும் மையத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பாடத்துக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஐந்து பாடம் என்றால் பெரிய தொகை. அறிவியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வாகவே ஒரு தாள் உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதுதான் வசதி. மையங்கள் பதிவைச் சில மாதம் முன்பே மூடிவிடும்.

சிபிஎஸ்இ பற்றிப் பலர் கேட்பதால் சொல்கிறேன். வீட்டிலேயே படித்துவிட்டு நேரடியாகச் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் வழி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லை. "சிபிஎஸ்இ ஹோம்ஸ்கூல்" என்று விளம்பரம் செய்து புத்தகம் விற்பவர்களிடம், "எந்தப் பெயரில், எந்த வாரியத்தின் சான்றிதழ் வரும்?" என்று எழுத்தில் கேளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, என்ஐஓஎஸ்ஸில் ஐந்து பாடத்துக்குச் சேர்க்கை, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. அந்த ஆண்டு விவரக் கையேட்டில் சரியான தொகை இருக்கும். இதே சேர்க்கைக்கு ஏஜென்டுகள் பல மடங்கு வாங்குகிறார்கள். "பாஸ் நிச்சயம்" என்று சொல்லும் எவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஒரு மதிய நேரம் உட்கார்ந்தால் போதும்.

2. பள்ளியிலிருந்து எடுக்கும் முன்

இப்போது அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரியில் சேர்ந்த பின் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிப் படிப்பையோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழிப் படிப்பையோ கேட்கிறார்கள். நடுவில் வீட்டுக்கு அழைத்துக்கொண்டால் இவை போய்விடும். வசதி குறைந்த குடும்பத்துக்கு இது சின்ன இழப்பு இல்லை. பெரியம்மா, சித்தப்பா என்று நாலு பேரையும் வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

எடுப்பது என்று முடிவாகிவிட்டால், ஆண்டு நடுவில் எடுக்காமல் மே மாதத்தில் எடுங்கள். டிசியில் மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றாரா என்று ஒரு கட்டம் இருக்கும். ஆண்டு முடிந்து எடுத்தால் அதில் "ஆம்" என்று வரும். பள்ளியை விடும் காரணம் என்ற கட்டத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதச் சொல்லுங்கள். வாங்கிய இடத்திலேயே பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் சரிபாருங்கள்.

அப்புறம் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பிள்ளைக்குரிய எண். நம் மாநிலத்தில் எல்லா மாணவருக்கும் இது உண்டு. டிசி கொடுத்ததும் பிள்ளையின் பெயர் எமிஸ்ஸில் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். பிறகு எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் அங்கிருந்துதான் எடுப்பார்கள். எண்ணைக் குறித்து வைக்காவிட்டால் தேடுவது பெரும்பாடு.

பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வருடா வருடம் வீடு வீடாக வருவார்கள். உங்கள் வீட்டுக்கும் வரலாம். பயப்பட வேண்டாம், முகம் திருப்பவும் வேண்டாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக் கல்விக்கென்று தனி அனுமதியும் இல்லை, தனித் தடையும் இல்லை. பதிவுசெய்ய ஓர் அலுவலகமும் கிடையாது. வருபவர் தன் வேலையைச் செய்கிறார். பிள்ளையின் நோட்டு, படித்த புத்தகம், எந்தத் தேர்வு எழுதப்போகிறது என்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஃபைல் போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- பிறப்புச் சான்றிதழ் (பிள்ளையின் பெயர் பதிந்தது)
- ஆதார்
- டிசி, கடைசி மதிப்பெண் பட்டியல், எமிஸ் எண்
- சாதிச் சான்றிதழ்
- புகைப்படங்கள், கையெழுத்து ஸ்கேன்

பெயர்தான் பெரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல் பின்னால், பிறப்புச் சான்றில் முன்னால், டிசியில் அப்பா பெயரே விரிவாக என்று மூன்று விதமாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி வருகிறதோ அப்படித்தான் பாஸ்போர்ட் வரை போகும். எனவே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருத்தி முடியுங்கள். ஆதார்த் திருத்தமும் பிறப்புச் சான்றுத் திருத்தமும் ஒன்றுக்கு ஒன்று காத்திருக்கும்; சில வாரங்கள் இழுக்கும்.

3. வகுப்பை மறந்துவிட்டு, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் நான்காம் வகுப்பு செட் என்று அப்படியே வாங்கிவிடாதீர்கள். அதே பிள்ளை வாசிப்பில் ஐந்தாம் வகுப்பு அளவில் இருக்கலாம். கணக்கில் இரண்டாம் வகுப்புக் கழித்தலில் நிற்கலாம். பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே இதைக் கவனிப்பது கடினம். வீட்டில் உங்களால் முடியும். பாடம் வாரியாக நிலை பார்த்து வாங்குவது என்ற இந்த ஒரு பழக்கமே பாதிச் செலவையும் பாதி அழுகையையும் குறைத்துவிடும்.

சின்னவர்களுக்கு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கப் பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் அசர் ஆய்வின் சோதனைத் தாள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வாசிப்பில் எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவுப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவுக் கதை என்று நான்கு படி. கணக்கில் ஒற்றை இலக்க எண், இரட்டை இலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். தேர்வு என்று சொல்லாமல், காலையில் பிள்ளை தெளிவாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அண்ணன் அக்கா முன்னால் கேட்காதீர்கள். தம்பி சொல்லும் முன் அக்கா பதில் சொல்லிவிடுவாள், தம்பிக்கு முகம் வாடிவிடும்.

பெரிய பிள்ளைக்கு, முந்தைய வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பாடத்திலிருந்தும் பத்துக் கணக்கு கொடுங்கள். எட்டோ அதற்கு மேலோ சரி என்றால் அந்தப் பாடத்தைத் தாண்டலாம். ஐந்து, ஆறு, ஏழு என்றால் அதையே திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்துக்குக் கீழே என்றால் இன்னும் ஒரு வகுப்பு கீழே போய்ப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் பின்னம் தெரியாத பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதம் எவ்வளவு நல்ல புத்தகத்தில் இருந்தாலும் ஏறாது. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் அவமானமாக நினைக்கும். அட்டையைக் காட்டாமல், தேவையான பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்து ஒரு ஸ்பைரலில் போட்டுக் கொடுங்கள்.

பள்ளியிலிருந்து வந்த புதிதில் முதல் சில வாரங்கள் எந்தச் சோதனையும் வைக்காமல் விடுங்கள். கதைப் புத்தகம், சமையல், கடைக்கணக்கு, விளையாட்டு போதும். பள்ளி அலுப்பு தீராமல் பார்க்கும் சோதனையில் பிள்ளையின் உண்மையான நிலை தெரியாது.

4. எதைத் தனியாக, எதைச் சேர்த்து?

மூன்று பிள்ளைகளையும் ஒரே பெற்றோர் சமாளிப்பது இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் தனித்தனி. இவற்றில் ஒரு படி ஏறினால்தான் அடுத்த படி. தம்பியோடு அக்காவைச் சேர்த்து உட்கார வைக்க முடியாது. அறிவியல், வரலாறு, புவியியல், கதை கேட்பது, ஓவியம், தோட்டம் இவையெல்லாம் சேர்த்து. தலைப்பு ஒன்று, வேலை மட்டும் வயதுக்கேற்ப வேறு.

வடகிழக்குப் பருவமழையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குக் கண்ணெதிரே நடக்கும் பாடம். பக்கவாட்டு நேராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, உள்ளே ஒரு ஸ்கேலை ஒட்டி மொட்டைமாடியில் வைத்தால் மழைமானி. அடிப்பகுதி மேடு பள்ளமாக இருந்தால் ஸ்கேலின் பூஜ்யம் வரை முதலில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஆறு வயதுப் பிள்ளை தினமும் காலை எட்டரைக்கு அளவைப் படித்துச் சொல்லும், மேகத்தை வரையும். ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தேதியோடு எழுதி வாரா வாரம் பட்டை வரைபடம் போடும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு உண்மையான கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 60 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 1500 லிட்டர். இது வீட்டுத் தொட்டிக்கு எத்தனை நாள் வரும்? வானிலைத் துறை நம் மாவட்டத்துக்குச் சொன்ன அளவும் நாம் எடுத்ததும் ஏன் வேறுபடுகின்றன? அப்புறம் எட்டாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தைத் திறந்தால், நீரியல் சுழற்சி அவளுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கும்.

இந்த முறை நம் அரசுப் பள்ளிகளிலேயே இருக்கிறது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், வகுப்பறையில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். அதன் பயிற்சி நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஐந்து முதல் எட்டு வயது வரை தமிழுக்கும் கணக்கிற்கும் இவற்றைவிட நல்ல தொடக்கம் நான் பார்க்கவில்லை. காசு கொடுத்து வாங்கும் ஒர்க்புக்குகளைவிட நம் பிள்ளைகளின் பேச்சுக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: மூத்த பிள்ளை பதினான்கைத் தொட்டதும் கூட்டுப் பாடத்திலிருந்து மெல்ல விடுவித்துவிடுங்கள். தேர்வுக்கான அறிவியல் பாடத்தைத் தம்பி தங்கை வேகத்தில் நடத்த முடியாது. தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லும் வேலையை அவள் தலையில் கட்டவும் கூடாது. அவளுக்கு விருப்பமிருந்தால் வாரத்தில் ஒரு நாள் கதை வாசித்துக் காட்டட்டும்.

5. புத்தகமும் செலவும்

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எல்லா வகுப்புப் புத்தகங்களும் பிடிஎஃப்பாக இலவசம். தொடக்க வகுப்புகளில் புத்தகம் மூன்று பருவமாக வருவது வீட்டுக் கல்விக்கு ரொம்ப வசதி. கணக்கில் இரண்டாம் வகுப்பு மூன்றாம் பருவமும், தமிழில் நான்காம் வகுப்பு முதல் பருவமும் என்று கலந்து எடுத்துக்கொள்ளலாம். அறிவியலும் கணக்கும் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் ஒரே உள்ளடக்கத்தோடு இருக்கின்றன. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குப் பத்தி புரியவில்லை என்றால், பக்கத்திலேயே தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வையுங்கள்.

என்சிஇஆர்டி புத்தகங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து இருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் நிலையிலிருந்து தொடங்கலாம். அரசின் திக்‌ஷா கல்விச் செயலியில் புத்தகத்தின் க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் பாட வீடியோ வரும். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். கட்டணம் மிகக் குறைவு.

காசு செலவழிக்க வேண்டிய இடங்கள் என்று நான் நினைப்பவை இவைதான். அடிக்கடி புரட்டும் கணக்குப் புத்தகத்தை அச்சில் வாங்குங்கள். திரையில் பார்த்துக் கணக்குப் போடுவது சின்னப் பிள்ளைக்குச் சரிவராது. ஒரு நல்ல கறுப்பு வெள்ளை பிரின்டர் வாங்குங்கள். மூத்த பிள்ளைக்கு உங்களுக்குக் கை வராத ஒரு பாடத்துக்கு மட்டும் டியூஷன் வையுங்கள். வெளிநாட்டு முழு செட் பல்லாயிரம் ரூபாய் ஆகும். அதில் வரும் காசும் அளவும் பருவகாலமும் நம் பிள்ளைக்கு அந்நியம். எவ்வளவு புகழ்ந்தாலும் முதல் வருடம் வாங்காதீர்கள். இணைய வகுப்புச் சந்தாவை வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதம் மாதம் கட்டுங்கள். பணத்தைத் திருப்பி வாங்குவதற்குள் அந்த வகுப்பே முடிந்துவிடும்.

தமிழை எந்த நிலையிலும் விட்டுவிடாதீர்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மாநில அரசு வேலை, கலந்தாய்வு என்று யோசிப்பவர்கள், எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்ற விதியையும் இப்போதே படித்துவிடுங்கள்.

6. நேரம்

பள்ளியின் எட்டுப் பீரியட்டை வீட்டில் நடத்த வேண்டியதில்லை. நேருக்கு நேர் சொல்லிக்கொடுக்கும்போது, ஆறு வயதுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒரு மணி நேரம் தாண்ட வேண்டாம். அதுவும் பதினைந்து, இருபது நிமிடத் துண்டுகளாக. ஒன்பது வயதுக்கு இரண்டு மணி நேரம். பதின்மூன்றுக்கு மூன்று, நான்கு மணி நேரம். அதில் பாதியைத் தானே படிக்கப் பழக வேண்டும்.

எங்களுக்கு ஒத்துவரும் வரிசை இது. காலை உணவு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து கதை வாசிப்பு. பிறகு மூத்தவள் தனியாகப் படிக்க, நான் சின்னவனோடு உட்காருவேன். அந்த நேரத்தில் நடுவில் இருப்பவன் கையெழுத்தோ படம் வரைவதோ செய்வான். சின்னவன் விளையாடப் போனதும் நடுவில் இருப்பவனுக்குக் கணக்கு. பதினொன்றரைக்கு மேல் மூத்தவளுக்கு முழு ஒரு மணி நேரம், யாரும் குறுக்கே வரக்கூடாது. மாலையில் கூட்டுப் பாடம். வேலைக்குப் போகும் பெற்றோர் இதையே இரவுக்கும் ஞாயிறுக்கும் மாற்றிக்கொள்ளலாம். வாரத்தில் நான்கு நாள் பாடம் என்று வைத்து, ஐந்தாவது நாளை நூலகம், அருங்காட்சியகம், விட்டுப்போன வேலை ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். காய்ச்சல், கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாம் வரும். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் திட்டம் ஒரு மாதத்தில் குலைந்துவிடும்.

7. ஆறு வாரத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்

பிள்ளை தினமும் ஒரே பாடத்தில் அழுகிறதா? கொடுத்த வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறதா? போன மாதம் தெரிந்தது இந்த மாதம் மறந்துபோகிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆனால் பெரும்பாலான பெற்றோர் மூன்றுக்கும் உடனே புதுப் புத்தகம் வாங்குகிறார்கள்.

இந்த வரிசையில் மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். முதலில் நேரத்தை மாற்றுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கணக்கைக் காலைக்குக் கொண்டுவந்தாலே சில பிள்ளைகள் சரியாகிவிடும். பிறகு அளவு: இருபது கணக்குக்குப் பதில் எட்டு. பிறகு முறை: நோட்டுக்குப் பதில் புளியங்கொட்டை, கரும்பலகை, வாய்க்கணக்கு. அதன் பிறகும் முடியவில்லை என்றால் ஒரு பருவம் கீழே இறங்குங்கள். எல்லாம் செய்து பார்த்தும் நகரவில்லை என்றால்தான் புத்தகத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வாரம் கொடுங்கள். எட்டு வயது தாண்டியும் எழுத்துகள் குழம்பிக்கொண்டே இருந்தால் பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தை நல மருத்துவர் வழியாகச் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். தேர்வுக்கு முந்தைய ஆண்டே வாங்கி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பாடத்திலிருந்தும் மாதம் ஒரு பக்கத்தைத் தேதி போட்டு ஃபைலில் சேருங்கள். நல்லதை மட்டும் பொறுக்க வேண்டாம், சாதாரணமான ஒரு நாளின் பக்கமே போதும். ஆறு மாதம் முன்பு எழுதியதை இன்றைய பக்கத்தோடு வைத்துப் பார்த்தால் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பதற்றமும் குறையும்.

8. பள்ளிக்குத் திரும்ப வேண்டி வந்தால்

வேலை மாறலாம், உடம்பு சரியில்லாமல் போகலாம், பிள்ளைக்கே பள்ளி ஆசை வரலாம். ஆறிலிருந்து பதினான்கு வயது வரை கல்வி உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும், வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. தனியார் பள்ளிகள் நுழைவுத் தேர்வு, பழைய மதிப்பெண் பட்டியல் என்று இழுப்பார்கள்; அரசுப் பள்ளியில் பெரும்பாலும் சிக்கல் வராது. எமிஸ் எண்ணும் அந்த ஃபைலும் கையில் இருந்தால் தலைமை ஆசிரியருக்கும் வேலை எளிது. இடையில் ஏதாவது ஒரு சான்றிதழ் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, என்ஐஓஎஸ்ஸின் திறந்தநிலை அடிப்படைக் கல்வியில் மூன்று, ஐந்து, எட்டு வகுப்புகளுக்கு இணையாக மூன்று நிலைகள் உண்டு. அங்கீகாரம் பெற்ற மையங்கள் வழியாகச் சேரலாம்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நிலைமை வேறு. அந்தச் சட்டத்தின் வயது தாண்டிவிடும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாமல் பள்ளிகள் எடுக்கத் தயங்கும். எனவே பிள்ளை பள்ளிக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றினால், எட்டாம் வகுப்பு வயதுக்குள் முடிவெடுங்கள். அந்த வயதைத் தாண்டிவிட்டால் பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதி முடித்து, மதிப்பெண் பட்டியலும் இடப்பெயர்வுச் சான்றும் வாங்கிக்கொண்டு பிளஸ் ஒன்றில் சேர்வதுதான் நேரான வழி. மாநிலப் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கை மே, ஜூனிலேயே மும்முரமாகிவிடும். அக்டோபர்-நவம்பரில் தேர்வு எழுதும் பிள்ளை அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் பிளஸ் ஒன் கணக்கின் முதல் இரண்டு பாடங்களைத் தொடங்கிவிடுங்கள்; புத்தகம் பிடிஎஃப்பாக இருக்கிறது.